சூளை முன்னால் சும்மா நின்ற கதை

என் தங்கை வீட்டுக்காரர் சினிமா கேமரா வடிவமைக்கும் இன்ஜினியர். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு ஒரு கோடையில், தானே செய்த புதுக் கேமராவோடு விருத்தாசலத்தில் இருக்கும் என் பீங்கான் பட்டறைக்கு வந்தார். படம் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஆடினால் சென்னைக்காரர்கள் வாங்க மாட்டார்களாம். கையில் இருந்தது ஒரே ஒரு பிலிம் சுருள்.

"சூளை பக்கத்துல சும்மா நில்லுங்க மச்சான், அது போதும்."

சும்மா நிற்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. பட்டறை முதலாளிக்குரிய மிடுக்கோடு நின்றேன்.

டிக்டிக்டிக் என்று சத்தம் கேட்டது. ஆறுகிற சூளைக்குள் குளிர்காற்று புகுந்தால் சரக்கு அப்படித்தான் விரிசல் விடும். எனக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, காத்து பூந்துடுச்சு! சூள வாய அடைங்க!" என்று அலறி, ஈரச்சாக்கைத் தேடிக் குறுக்கும் நெடுக்கும் ஓடினேன். வேட்டி என்னோடு வரவில்லை.

பொம்மைக்கு வர்ணம் அடிக்கும் அக்கா எட்டிப் பார்த்தார். "சூளை செவனேன்னுதான் இருக்குது. கத்துறது மாப்ளயோட பொட்டி!"

அடுத்த மாதம் மாப்பிள்ளை பிலிமைக் கழுவிக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுச் சுவரில் காட்டினார். சூளையின் ஒரு செங்கல்கூட ஆடவில்லை. அதன் முன்னால், கோடு போட்ட அண்டர்வேரோடு நான். தங்கை முகத்தை மூடிக்கொண்டாள்.

"கேமரா பாஸு மச்சான்! இதத்தான் சென்னையில எல்லாருக்கும் போட்டுக் காட்டப் போறேன்."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மாப்பிள்ளையின் பிழைப்பு அது. சுவரைப் பார்க்காமல், "நல்லா காட்டுங்க" என்றேன்.