நெற்றி அடையாளம்

இருக்கையில் உட்காருமுன் இந்திரா சின்னம்மா ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதினார். கைப்பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, மேல் மூலையிலிருந்து பாம்பு நெளிவதுபோல் கீழே இறக்கினார்.

"இந்த மூலையை விட்டிட்டாள், புதுசா வந்த பிள்ளை."

எதிரே இருந்த தம்பித்துரை சித்தப்பா சிரித்தார். "நீர் மலை பார்க்க வந்தனீரோ, வேலைக்கு வந்தனீரோ?"

"இஞ்சருங்கோ, முதல்ல காலைத் தூக்குங்கோ. உது உங்கட சப்பாத்து மண்தான்."

என் அம்மாவின் தங்கையான அவர், பத்தொன்பது வருடங்களாக சுவிஸின் லுசேர்ண் நிலையத்தில் இந்த ரயிலைத்தான் துடைக்கிறார். இன்டர்லாக்கனிலிருந்து வந்து நிற்கும். அது திரும்பிப் புறப்படுமுன் பெட்டிகள் பளபளக்க வேண்டும். சனி ஞாயிறில் கூட்டம் அதிகம். அதனால் சனி ஞாயிறு அவருக்கு எப்போதும் வேலை. ஒருமுறைகூட அதில் ஏறிப் போனதில்லை. இந்த ஒக்டோபரில்தான் ஒரு சனி ஞாயிறு இரண்டு நாளும் விடுப்புக் கிடைத்தது. பிரியன்ஸ் ஏரிக்கரையில் அறை எடுத்துக் குடும்பமாகப் புறப்பட்டோம்.

இருக்கைகளைப் பதிவு செய்தது நான். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் பெற்றவள், அதுவும் புவியியலில். இந்த மாதிரி வேலைகள் என்னிடம்தான் வரும். எந்தப் பக்கம் நல்லது என்று வரைபடத்தை விரித்தபோது சின்னம்மா தொலைபேசியில் சொன்னார்: "வலப்பக்கம் போடு பிள்ளை. நெத்தி அடையாளம் எல்லாம் அந்தப் பக்கம்தான்."

"நெத்தியோ?"

"ஓம். சனம் பார்த்துப் பார்த்து நெத்தியைக் கண்ணாடியில வைச்சிடும். அந்த எண்ணெய் லேசில போகாது. இலை பழுக்கிற மாசம் இன்னும் கூட."

வரைபடமும் அதையே சொன்னது. மூன்று ஏரிகளும் அந்தப் பக்கம்தான். கண்ணால் காணாத ஏரிகளை அவர் துணியால் அறிந்திருந்தார். என் பட்டத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஆனால் லுசேர்ணை விட்டதிலிருந்து வெளியே மூடுபனியின் வெறும் வெள்ளை. முதல் ஏரி எப்போது வந்தது, எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. சின்னம்மாவின் மகள் கோபிஷா கைப்பேசியைப் பார்த்து, "அம்மா, இண்டைக்கு முழுக்கப் புகார்தானாம்" என்றாள்.

சின்னம்மா எழுந்தார். பக்கத்தில் கிடந்த சொக்லேட் தாளைப் பொறுக்கினார். அடுத்த மேசையைத் துடைத்தார். அங்கிருந்த சுவிஸ் மூதாட்டி நன்றி சொல்லி வெறுங்கோப்பையை நீட்ட, அதையும் வாங்கிக்கொண்டார். எனக்கு முகம் சுட்டது. அது வெட்கமா, கோபமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

"சின்னம்மா, வந்து இருங்கோவன்."

"இருந்து இந்த வெள்ளையையோ பார்க்கிறது? இனி எந்த வருசம் லீவு வருமோ."

கிஸ்வில் நிலையத்துக்குப் பிறகு ரயில் பற்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பிடித்து மலை ஏறத் தொடங்கியது. வெள்ளை மெல்ல மஞ்சளித்தது. பிறகு ஒரு வளைவில், மூடியை எடுத்ததுபோல், புகார் எங்களுக்குக் கீழே போய்விட்டது.

லுங்கேர்ன் ஏரி. மலை அடிவாரத்தில் மயிற்கழுத்து நிறம். அதைச் சுற்றித் தீப்பற்றி நிற்கும் மரங்கள், அவற்றுக்கு மேல் கரும்பச்சை, அதற்கும் மேல் புதுப்பனி. சித்தப்பாவின் கையில் கடித்த ரோல்ஸ் அப்படியே இருந்தது.

"இதையோ," என்றார் சின்னம்மா மிக மெதுவாக, "இவ்வளவு காலமும் நான் துடைச்சனான்?"

நெற்றியைக் கண்ணாடியில் வைத்தார். ஏரி முடியும்வரை எடுக்கவில்லை.

மரங்கள் மறைத்தபோது நிமிர்ந்தார். கண்ணாடியில் வட்டமாக எண்ணெய்ப் பிசுக்கு. நடுவில் காலையில் பூசிய சந்தனம் கொஞ்சம். கை தானாகவே மஞ்சள் துணியைத் தேடி எடுத்தது. அதை ஒரு கணம் பார்த்தார். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.