இரண்டு பேருக்கு வைத்த நேர்த்தி

நயினாதீவு அம்மன் கோவில் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் துறையில் படகேறுபவருக்கு நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். என் தம்பி அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தனியாக ஒரு சிறு படகை அமர்த்தினான். முகக்கவசம், கைக்குத் தேய்க்கும் மருந்து, பெட்டி நிறையப் போத்தல் தண்ணீர். படகோட்டி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கொரோனா போய்க் கனகாலம், தம்பி. கனடாவிலை இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

தம்பி சிரித்தான். அது கண்களில் மட்டும் தெரிந்தது. அவன் நோயாளி அல்ல, சுகமாகிவிட்டவன் என்பதால்தான் இந்தக் காவல் என்று படகோட்டிக்கு விளக்க நான் முயலவில்லை.

எனக்குப் பிறகு பிறந்தவர்கள் இரண்டு பேர்: இந்தத் தம்பி, அவனுக்குக் கீழே தங்கை. இருவருக்கும் பள்ளிக்கூடப் பருவத்திலேயே சலரோகம், நீரிழிவு, வந்தது. வயதானவர்களுக்கு வந்து குளிசை விழுங்கிக்கொண்டு ஓடும் வகை அல்ல. இன்சுலின் சுரக்கும் தன் சதையியை உடம்பு தானே அழித்துவிடும் வகை. ஊசி இல்லாவிட்டால் உயிர் இல்லை. என்னை அது தொடவில்லை. ஏனென்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை.

அம்மா அப்போதே ஒரு நேர்த்தி வைத்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் சுகமானால், திருவிழாவில் மகன் கோவில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வான். மகள் பின்னால் அடியழித்து வருவாள். அடியழித்தல் எங்கள் பக்கத்துப் பெண்களின் வேண்டுதல். நிலத்தில் விழுந்து கும்பிட்டு எழுந்து, சில அடி நடந்து, மறுபடி விழுந்து, அப்படியே வீதியைச் சுற்றி முடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே நேர்த்தி. பிரித்து வைக்க வேண்டுமென்று அம்மாவுக்கு ஏன் தோன்றியிருக்கப்போகிறது?

ஊசி போட்டு நீண்ட காலம் வாழ்ந்தவர்களில் சிலருக்கு இன்னொரு கேடு சேரும். இரத்தத்தில் சீனி இறங்கும்போது உடம்பு தரும் நடுக்கம், பசி, படபடப்பு எல்லாம் இல்லாமற் போய்விடும். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவர் அப்படியே சரிவார். தம்பிக்கும் அது வந்தது, தங்கைக்கும் வந்தது. தம்பிக்குக் கனடாவில் மனைவியும் அம்புலன்சும் இருந்தன. தங்கைக்கு அம்மா இருந்தார். இரவில் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுப்பார். இடையிடையே எழும்பி அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். குளிர்ந்து வேர்த்திருந்தால் வாயில் சீனித் தண்ணீர் விடுவார். தங்கை இத்தனை வருடம் உயிரோடு இருப்பது அந்தக் கையால்தான். அந்தக் கைக்கு இப்போது வயதாகிவிட்டது. சில இரவுகளில் அம்மா எழும்பாமல் தூங்கிப்போகிறார். காலையில் அதற்காக அழுகிறார்.

தம்பியை அங்கே ஓர் ஆராய்ச்சிக்குச் சேர்த்தார்கள். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய மூலக்கலங்கள் என்ற உயிரணுக்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து, இன்சுலின் சுரக்கப் பழக்கி, ஈரலுக்குப் போகும் நாளத்தின் வழியாக உள்ளே விடுவார்கள். சதையி செய்ய மறந்த வேலையை அவை ஈரலில் இருந்து செய்யும். தம்பிக்கு அது பலித்தது. மாதங்கள் போக ஊசி குறைந்தது, பிறகு நின்றது. ஒரு காலையில் வீடியோவில் வந்து, ஊசி போடாமல் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுக் காட்டினான். அம்மா கைப்பேசித் திரையைத் தொட்டுக் கும்பிட்டார்.

நான் பல வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன். வெளிநாட்டு மருத்துவச் செய்திகளைத் தமிழாக்கி உள்பக்கத்தில் போடுவது என் வேலைகளில் ஒன்று. அவற்றில் 'விரைவில்' என்ற சொல் வந்தால் வெட்டிவிடுவேன். எலிக்குப் பலித்தது மனிதருக்கு வர எவ்வளவு காலமாகும் என்பதும், மனிதருக்கு வந்தது நம்முடைய தீவுக்கு வர எவ்வளவு காலமாகும் என்பதும் எனக்குத் தெரிந்த கணக்கு. ஆனால் என் தங்கை நான் வெட்டித் திருத்திய செய்திகளை வாசித்தவள் அல்ல. அவள் தம்பியின் தொலைபேசியை நம்பினாள்.

அடுத்தது தனக்கு என்ற அந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமும் இருந்தது. தம்பியைச் சேர்த்த காலத்தில், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மடத்துவெளி ஊர்க்காரர் ஒருவரிடம் ஒரு சிறு பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்துவிட்டிருந்தான். தங்கை அதில் துப்பி, மூடி, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். காலையில் ஒன்றும் குடிக்காமல், வாய் கொப்பளித்து, சாமி படத்தின் முன்னால் நின்று துப்பினாள் என்று அம்மா பெருமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு தங்கை அந்த விடயத்தைப் பேசும்போதெல்லாம், "எனக்கும் பதிஞ்சாச்சு" என்றுதான் சொல்வாள்.

தம்பி வீட்டுக்கு வந்த அன்று அம்மா நண்டுக் குழம்பும் முருங்கைக்காய்ப் பால்கறியும் வைத்திருந்தார். அவனால் அவற்றைச் சாப்பிட முடியவில்லை. புதிய கலங்களை உடம்பு எதிரியென்று கண்டு கொல்லாதிருக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குளிசைகளால் அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நண்டு ஆகாது, கிணற்றுத் தண்ணீர் ஆகாது, கூட்டம் ஆகாது, புழுதி ஆகாது. அவன் தன் பெட்டியிலிருந்து பிஸ்கட் எடுத்தான். போத்தல் தண்ணீரில் போட்ட தேநீர்க் கோப்பையைப் பிடித்த கை நடுங்கியது. அதுவும் குளிசையால் வருவதாம். மற்றக் கையால் அதை மறைத்துக்கொண்டான்.

"சின்னண்ணை இப்ப சீனி போட்டுக் குடிக்கலாம்," என்றாள் தங்கை. "எங்கடை தண்ணிதான் ஏலாது."

எல்லோரும் சிரித்தோம். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரம், பின் வளவில் பனை நிழலில் கதிரைகளைப் போட்டு மூவரும் இருந்தோம். அவள் நேராகவே கேட்டாள்.

"என்னை எப்ப கூப்பிடுவினம்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு உதவவில்லை. பிறகு சுற்றி வளைத்துச் சொன்னான். அங்கே வசிப்பவர்களை மட்டும்தான் சேர்ப்பார்களாம். அதுவும் முடிந்துவிட்டதாம். குப்பி எடுத்தது வேறொரு பிரிவாம். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு இந்தச் சலரோக வருத்தம் எப்படி வருகிறது என்று பரம்பரை பார்க்கிறவர்களாம்.

"அப்ப அது எனக்கில்லையோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, பிள்ளை. நீதான் அப்பிடி நினைச்சுக்கொண்டாய்."

"பதிஞ்சாச்சு எண்டு நான் சொல்லேக்கை நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

"அம்மா பக்கத்திலை நிண்டவ. வேறை என்னத்தைச் சொல்லுறது?"

அவள் தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். இரத்தம் சோதிக்கத் தினமும் குத்திக் குத்திக் கறுத்த விரல்கள்.

"நல்லது. என்ரை துப்பலாவது கனடாவுக்குப் போயிட்டுது."

அம்மாவுக்குச் சொல்லிவிடாதே என்று அவன் அவளிடம் சொன்னான். அவன் கேட்காமலே அவள் அப்படித்தான் செய்திருப்பாள். ஆனாலும் அவன் கேட்டான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மாவிடம் கணக்கு நேராக இருந்தது. மகனுக்குச் சுகமாகிவிட்டது, மகளுக்கு அடுத்தது. நேர்த்தி ஒன்றாக வைத்தது, ஒன்றாகவே தீர்க்க வேண்டும். மகன் மண்ணில் உருளக் கூடாதென்றால் மூத்தவன் உருளட்டும். தம்பி ஒரு நாள் அன்னதானத்தைப் பொறுப்பெடுத்தான். தங்கை மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கோ அண்ணை, வெயில் ஏறப்போகுது" என்றாள்.

எனக்கு இவற்றில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் உருண்டேன். வானம், மணல், மனிதரின் கால்கள், மறுபடி வானம். எனக்கு என்றுமே வராத ஒரு நோய் தம்பிக்கு மாறிச் சுகமானதற்காக உருண்டேன். பின்னால் அவள், மாறாத நோய் மாறியதற்கு நன்றி சொல்லி விழுந்து எழுந்துகொண்டிருந்தாள். சுற்று முடிந்து நான் எழும்பியபோது அவள் வடக்கு வீதி மூலையில் மண்ணில் இருந்தாள். நெற்றியில் திருநீறும் மணலும். தொட்டேன், குளிர்ந்திருந்தது. என் வேட்டி மடியிலிருந்த தோடம்பழ இனிப்பை எடுத்து அவள் வாயில் வைத்தேன். சப்பச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கண் தெளிய நேரமெடுத்தது.

"முடிஞ்சுதோ?" என்றாள்.

இன்னும் ஒரு வீதி மிச்சம் இருந்தது. முடிந்துவிட்டது என்று சொன்னேன்.

அன்னதான மண்டபத்தில் அம்மாவை நடுவில் வைத்து இருந்தோம். தம்பி மண்டபத்துக்கு வெளியே, வேப்பமரத்தின் கீழ், முகக்கவசத்தோடு நின்றான். உள்ளே பரிமாறுவது அவன் கொடுத்த சாப்பாடு. வாழையிலையில் சோறு விழுந்ததும் தங்கை பையிலிருந்து ஊசியை எடுத்தாள். வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறவள். அன்று எல்லோருக்கும் நடுவில் சேலை ஓரத்தை விலக்கி, வயிற்றில் குத்தினாள்.

எதிர்ப் பந்தியிலிருந்த ஊர் மாமி ஒருவர் சோற்றில் வைத்த கையை எடுத்தார்.

"என்ன பிள்ளை, உனக்கு இன்னும் மாறேல்லையோ? கனடாவிலை இருக்கிற கொண்ணனுக்குச் சுகமாம் எண்டு கதைச்சவை."

தங்கை ஊசியின் மூடியைப் போட்டாள். அம்மா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்தது நான்தான், மாமி," என்றாள். "பதிஞ்சாச்சு."

அம்மா தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவளுடைய இலையில் வைத்தார்.