மின்னுகிற மவுஸ்

கெங்கெஷ் முதலில் கணினியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்பார். திரையைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான். விசிறி இரைகிற இரைச்சலை வைத்தே, "உள்ளே எவனோ ஓசிச் சோறு திங்கறான்" என்று சொல்லிவிடுவார். நாரின் என்கிற அந்த மலையூரில் எந்தக் கணினி முரண்டு பிடித்தாலும் அவருக்குத்தான் ஆள் போகும். வந்த வீட்டில் ரொட்டியைப் பிய்த்து ஒரு வாய் போட்டுக்கொள்ளாமல் அவர் எந்தப் பொத்தானையும் தொட்டதில்லை. பெருத்த உடம்பு, மெலிந்த குரல். கணினியைத் திட்டுகிறவர்களைக் கண்டால் மட்டும் ஆகாது. "அது என்னங்க பண்ணும், பாவம். வந்தவனையெல்லாம் உக்கார வெச்சது நீங்க" என்பார்.

அன்று சபிர்குல் கிழவர் வீட்டில் அவருக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. கிழவரின் மகன் எர்மெக்குக்குத் தூர தேசத்தில், நோவோசிபிர்ஸ்க் நகரில் கட்டட வேலை. அங்கே பேரன் பிறந்திருந்தான். பிள்ளையின் காதில் பாங்கு சொல்லிப் பெயரைக் கூப்பிட வேண்டியவர் தாத்தா. அதையும் இந்தக் கணினி வழியாகத்தான் செய்தாக வேண்டும். சொந்தபந்தமெல்லாம் கம்பளத்தில் உட்கார்ந்தாயிற்று. வெள்ளோட்டமாகக் கிழவர் சொன்ன ஸலாமோ, அந்தப் பக்கம் துண்டு துண்டாகப் போய் விழுந்தது.

"பேரு பாதியாப் போய்ச் சேந்தா, புள்ள காலம்பூரா பாதிப் பேரோடதான் அலையணும்" என்றார் கிழவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஓடுகிற நிரல்களின் வரிசையைத் திறந்தார் கெங்கெஷ். ப்ராசஸர் மூச்சுமுட்டிக் கிடந்தது. தின்கிறவன் யாரென்று பார்த்தால், மவுஸின் வண்ண விளக்கை மேய்க்கிற மென்பொருள். எர்மெக் ஆசை ஆசையாக அனுப்பிய மவுஸ் அது. சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னும்.

"எம்புள்ள வாங்கிக் குடுத்ததக் குத்தம் சொல்லாதே தம்பி."

"மவுஸ் தங்கம், பெரியப்பா. அதுக்கு லைட்டு போட வந்தவன்தான் நடுவீட்டுல சம்மணம் போட்டுப் பானையோட வழிக்கறான். எழுப்பி விட்டுடவா?"

"மெதுவா எழுப்பு. விருந்தாளியாச்சே."

நிறுத்தினால் அது மறுபடி தானாக எழுந்துகொண்டது. கெங்கெஷ் பொறுமையாக அதை வேரோடு நீக்கினார். விசிறி அடங்கியது. கூடவே மவுஸும் இருண்டது. செத்த ஆட்டுக்குட்டியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார் கிழவர்.

"சாகல பெரியப்பா. நல்லா ஓடும். லைட்டு மட்டும் எரியாது."

பாங்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. "உன் பேரு பெக்தெமிர்" என்று கிழவர் கூப்பிட்டார். அங்கே மருமகள் அதை அப்படியே திருப்பிச் சொன்னாள், ஓர் எழுத்து குறையாமல். கிழவர் வெட்கப்படாமல் அழுதார். கெங்கெஷுக்கும் மூக்கைச் சிந்த வேண்டியிருந்தது.

அடுத்து எர்மெக்கின் முகம் வந்தது. "அப்பா, மவுஸ்ல லைட்டு எரியுதா? அதுக்காகவே கடை கடையா ஏறி எறங்கி வாங்கினேன். காட்டுங்க, பாப்போம்."

கிழவர் கெங்கெஷைப் பார்த்தார். மென்பொருளை மறுபடி ஏற்றினால் பேச்சு அறுந்துவிடும். வாழ்த்துச் சொல்ல இன்னும் ஒரு கூட்டமே காத்திருந்தது. கெங்கெஷ் விரிப்பிலிருந்த தட்டில் ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அதன் சிவப்புக் கண்ணாடித் தாளைத் தன் கைப்பேசி விளக்கின் மேல் சுற்றினார். அந்தப் பெருத்த உடம்போடு கம்பளத்தில் குப்புறப் படுத்து ஊர்ந்து, கேமராவுக்குத் தெரியாமல், கிழவர் தூக்கிப் பிடித்த மவுஸுக்குப் பின்னால் வெளிச்சத்தைக் காட்டினார்.

"எரியுதுடா" என்றார் கிழவர்.

"பச்சையும் வருமேப்பா?"

கெங்கெஷ் படுத்தபடியே கையை நீட்டி, தட்டில் பச்சை மிட்டாயைத் தேடினார்.