மஞ்சள் தண்ணியில் அலசிய குழாய்

எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எழுத்துக் கோணலாக வரும், பாதி மறந்தும் போச்சு. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேணும்.

யுத்தம் முடிந்த கையோடு என்று நினைக்கிறேன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கட வீடு. எனக்குச் சீதனமாகத் தந்த நாம்பன் காளை ஒன்று பட்டியில் நின்றது. அந்த வருஷம் ஒரு பசுவும் சினைப்படவில்லை. மாட்டு டாக்குத்தர் வந்து, நாம்பனின் விந்தைப் பெருக்கிக் காட்டுற கண்ணாடியில் பார்ப்போம் என்றார். சனிக்கிழமை எடுக்கிறதாகச் சொல்லி, அவித்துக் காயவைத்த கண்ணாடிக் குழாயைத் துணியில் சுற்றி என் புருஷனிடம் கொடுத்துவிட்டுப் போனார். திறக்க வேண்டாம் என்றாராம். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இடையில் வெள்ளிக்கிழமை. எந்தெந்த ஊர் மாட்டின் அழுக்குப் பட்டதோ என்று அருவருத்து, குழாயை மஞ்சள் தண்ணியில் அலசி, உதறி, திரும்பச் சுற்றி வைத்தேன். உள்ளே துளி நின்றிருக்கும்.

சனிக்கிழமை டாக்குத்தர் விந்தை எடுத்து, குழாயை இளஞ்சூட்டுத் தண்ணியில் வைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டுக் கனநேரம் பார்த்தார்.

"நல்லதென்றால் உலை கொதிக்கிற மாதிரி அலையடிக்கும். இதில ஒன்றும் அசையுதில்ல. ஒருதரம் பார்த்துச் சொல்லேலாது. ரெண்டு கிழமையில வாறன், அதுவரைக்கும் மாட்டில கை வைக்காதீங்க."

அவர் போனதும், என் புருஷனின் அக்காவைக் கட்டினவர் சிரித்தார். "என்ன மச்சான், சீதனத்தில வந்ததெல்லாம் இப்பிடித்தானோ?"

கல்யாணமாகி நாலு வருஷம், எனக்குப் பிள்ளை இல்லை.

என் புருஷன் ரெண்டு கிழமை பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கம்பக்கத்து ஆம்பிளையளைக் கூட்டி, நாம்பனைக் கட்டி விழுத்தி, விதையை ரெண்டு தடிக்கு நடுவில் வைத்து நசுக்கி நலம் அடித்தார்கள்.

"தலைக்கயிற்றப் பிடி புள்ள. உன்ர மாடுதானே," என்றார் என் புருஷன்.

பிடித்தேன். என் கையில்தான் அது அடங்கும். குழாயை அலசினேன் என்று சொல்ல வாய் உன்னியது. அவர் என்ன செய்வாரோ என்று பயம். அத்தனை ஆம்பிளையளுக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுக்க வெட்கம். சொல்லவில்லை. அது கத்தின கத்தில் பசுக்கள் மேயாமல் நின்றன.

டாக்குத்தர் புதுக்குழாயோடு வந்தார். நாம்பனைப் பார்த்தார்.

"அண்டைக்குக் குழாய்க்குள்ள தண்ணி கிண்ணி பட்டதா?"

"இல்லையே," என்றார் என் புருஷன். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். டாக்குத்தர் வெத்திலையும் எடுக்காமல் போனார்.

பிறகு ரெண்டு பசு கன்று போட்டது. எங்கட நாம்பனுக்கா, வயல் வட்டையில் நெல்லு வெட்டு முடிந்தபின் மேய வந்த வேறொன்றுக்கா, தெரியாது. மஞ்சள் தண்ணி ஒரு துளி பட்டால் அதற்குள் இருக்கிற உயிர் செத்துப்போகுமா? படித்தவர்கள் யாராவது விசாரித்து, நான் எழுதினதில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள்.