பிராக் போகும் வெற்றிலை

காலையில் லத்தா சந்தையில் பக்கத்து வீட்டுக் கோ முருகன் கூடை நிறைய வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தான். பெண்சாதி மா லட்சுமியும் கூட. எங்கள் பர்மாவில் ஆணுக்குக் 'கோ', பெண்ணுக்கு 'மா' என்று மரியாதைக்குச் சேர்ப்பது வழக்கம்.

"என்ன முருகா, குன்யா பீடாக் கடை போடப் போறியா?"

"இல்லண்ணே, லீவுக்குப் பிராக் போறோம். ஐரோப்பாவுல பழைய ஊராம். சிங்கப்பூர் மக டிக்கெட் போட்டுட்டா. மூணு நாளு, கோட்டை, பாலம் எல்லாம் பாக்கணும்."

ஆற்றைக் கடக்கப் படகில் ஏறினாலே தலை சுற்றும் இவனுக்கு. எனக்குச் சந்தேகம் தட்டியது.

"கோட்டை பாக்க வெத்தல எதுக்கு?"

"அங்க குன்யா கிடைக்காதுல்ல. அப்பா வாய் நமநமங்கும்னு மகளே கொண்டாரச் சொன்னா. பாசம்ண்ணே!"

கடைக்காரி காம்பைக் கிள்ளப் போனாள். முருகன் பதறினான்.

"கிள்ளாதீங்க! காம்போடதான் வேணுமாம்."

மெல்லுகிறவனுக்குக் காம்பு எதற்கு? தாம்பூலத் தட்டில் வைக்கத்தானே காம்போடு கேட்பார்கள்?

"வேற என்ன கேட்டா?"

"பட்டு வேட்டி, விரலி மஞ்சள். குளிர் ஊருல்ல, மஞ்சள் சளிக்கு நல்லது."

நான் மா லட்சுமியைப் பார்த்தேன். அவன் காசு கொடுக்கத் திரும்பியதும் அவள் என் காதருகே வந்தாள்.

"வாயத் தொறக்காதீங்கண்ணே. மாப்பிள்ள வெள்ளக்காரப் பையன். இப்பத் தெரிஞ்சா இவரு பிளேன்ல ஏற மாட்டாரு. மக அழுதே செத்துருவா."

நான் வாயே திறக்கவில்லை, சத்தியமாக.

முருகனுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில் இங்கே எழுதிவிட்டேன். யாராவது அவனுக்குப் படித்துக் காட்டினால், பொண்ணுக்கு அப்பாவாக நீங்கள்தான் பிராக் போய்த் தட்டு மாற்ற வேண்டும். யார் யாரிடம் பாஸ்போர்ட் இருக்கிறது, சொல்லுங்கள்.