திரைக்கு அந்தப் பக்கம் ரெண்டு

டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் டீச்சரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்தே பாதி ஆயுளை ஓட்டியவள் இவள். கற்றுக்கொள்பவர் பயத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் நேரத்தில் இவள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சம்பளமே அதற்குத்தான்.

வீட்டில் இவளுக்குப் பிரேக்கம்மா என்று பேர். மூத்த மருமகள். புருஷன் கடன் வாங்கக் கிளம்பினாலும், மாமியார் பக்கத்து வீட்டு வம்பில் வேகம் எடுத்தாலும், இவள் கால் தானாகக் கீழே அழுந்தும், வண்டி நிற்கும். அழுத்தியும் நிற்காத வண்டி அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது கொழுந்தன் பெண்டாட்டி, இவளுடைய ஓரகத்தி.

ஓரகத்தி பியூட்டி பார்லர் நடத்துகிறாள். பிரேக்கம்மா பீரோ வாங்கினால் அடுத்த மாதமே ஓரகத்தியின் அறைக்கு ஆளுயரக் கண்ணாடி வைத்த பீரோ வரும். பிரேக்கம்மாவின் மகள் வகுப்பில் இரண்டாவதாக வந்த வருஷம் ஓரகத்தியின் மகன் முதலாவதாக வந்தான். வேறு வேறு பள்ளிக்கூடம்தான். ஆனால் வயிற்றெரிச்சல் எந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் பார்த்தது?

இப்படி இருக்கையில்தான் பிரேக்கம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி வந்தது. ரத்தப்போக்கு வெளியே தெரியாமலிருக்க, கார் சீட்டில் கறுப்புத் துண்டை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பாடம் நடத்தினாள். "கர்ப்பப்பையை எடுத்துடறதுதான் நல்லது" என்றார் டாக்டரம்மா. இந்த பேட்ச் முடியட்டும், அந்த பேட்ச் லைசென்ஸ் வாங்கட்டும் என்று தள்ளிப் போட்டு, ஒருவழியாகத் தேதி குறித்தாள். குறித்த நாளிலிருந்து வீட்டில் அவளுக்கு ஒரு பதவி கிடைத்தது. புருஷன் தானாக எழுந்து காபி போட்டான். அது வாயில் வைக்கும்படி இல்லை, ஆனாலும் போட்டான். மாமியார் குரலில் ஒரு குழைவு. இந்த ஒரு விஷயமாவது தனக்கே தனக்கென்று வந்திருக்கிறதே என்று பிரேக்கம்மா உள்ளுக்குள் பூரித்துக்கொண்டிருந்தபோது, ஓரகத்தி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கும் மாசாமாசம் ஒரே அவஸ்தை. எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்க. நீங்க அட்மிட் ஆகற அன்னிக்கே எனக்கும் தேதி கொடுத்துட்டாங்க. உங்களுக்கும் ஒரு துணையா இருக்கும்ல?"

"ரொம்ப நல்லதாப் போச்சும்மா" என்றாள் பிரேக்கம்மா. கால் தரையை அழுத்தியது. வண்டி நிற்கவில்லை.

மாமியார் அன்றைக்கே தீர்ப்பு சொல்லிவிட்டார். இரண்டு மருமகள்களின் அறையும் மாடியில். கீழே இருப்பது மாமியாரின் ஒரே ஒரு அறை, கூடவே பாத்ரூம். "ஆபரேஷன் பண்ணிட்டு யாரும் படி ஏறக்கூடாதாம். முதல்ல வீட்டுக்கு வர்றவளுக்கு என் ரூம். அடுத்தவ ஹால்ல படுத்துக்கட்டும். என்னைக் கேட்டா ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்."

ஹால் என்றால் வாசல் கதவைத் திறந்ததும் கட்டில். பால்காரரிலிருந்து பார்லர் வாடிக்கைக்காரி வரை எட்டிப் பார்த்து "ஐயோ பாவம்" என்பார்கள். நைட்டியோடு அந்த ஐயோ பாவத்தை வாங்கிக்கொள்வதா, கதவைச் சாத்திக்கொண்டு அறையில் ராணி மாதிரி படுப்பதா? பிரேக்கம்மா அப்போதே முடிவு கட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து முதலில் கிளம்புவது அவள்தான்.

ஆபரேஷன் முடிந்தது. ஒரே அறை, இரண்டு கட்டில், நடுவில் நீலத் திரை. பிரேக்கம்மாவின் கட்டி பெரிது என்பதால் அடிவயிற்றைக் குறுக்கே கிழித்து எடுத்திருந்தார்கள். ஓரகத்திக்குச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, குழாய் விட்டு முடித்துவிட்டார்கள். "அவளுக்கு மட்டும் எப்படி?" மயக்கம் தெளிந்ததும் பிரேக்கம்மா கேட்ட முதல் கேள்வி அதுதான். தண்ணீர்கூட அதற்கப்புறம்தான் கேட்டாள்.

காலையில் நர்ஸ் வந்தாள். முதலில் திரைக்கு அந்தப் பக்கம்.

"வலி எப்படி இருக்கு? வலியே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்து. நம்பர் சொல்லுங்க."

"ரெண்டு இருக்கும் சிஸ்டர்" என்றது ஓரகத்தியின் குரல். தேன் வழிந்தது.

இந்தப் பக்கம் பிரேக்கம்மாவின் அடிவயிற்றில் யாரோ கார் நிறுத்திவிட்டுப் போனது மாதிரி இருந்தது. உள்ளபடி சொன்னால் எட்டு. இருமல் வந்தால் ஒன்பது. ரெண்டாமே! சின்னவளுக்கே ரெண்டு என்றால் மூத்தவள் மானம் என்ன ஆவது? நர்ஸ் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணு."

"நிஜமாவா? உங்களுது பெரிய காயமாச்சே."

"எனக்கு வலியெல்லாம் பழக்கம் சிஸ்டர். இந்த மாத்திரை எனக்கு வேணாம், வேற யாருக்காவது கொடுங்க."

"தயவு பண்ணி உண்மையைச் சொல்லுங்கம்மா" என்று நர்ஸ் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் மாத்திரையோடு திரும்பிப் போனாள். பிரேக்கம்மா தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கியவள் மாதிரி கூரையைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்ததில் தையல் இழுத்தது.

மத்தியானம் ஓரகத்தி எழுந்து நடந்தாள். செருப்புச் சத்தம் வராந்தாவின் அந்தக் கடைசி வரை போய்த் திரும்பி வந்தது. "தோள்பட்டைதான் லேசா வலிக்குது அத்தை" என்று மாமியாரிடம் சொன்னாள்.

"கேட்டீங்களா கதையை? ஆபரேஷன் வயித்துல, வலி தோள்லயாம்!" என்று பிரேக்கம்மா புருஷனிடம் கிசுகிசுத்தாள். நர்ஸ் காதில் அது விழுந்துவிட்டது. "குழாய் விடறப்ப வயித்துல காத்து அடைப்போம்மா. அதுதான் தோள்ல வலி காட்டும். போயிடும்" என்றாள். வலியில்கூட அவளுக்கு வித்தியாசமாக ஒன்று கிடைத்திருக்கிறது பார், என்று பிரேக்கம்மாவுக்கு அதிலும் பொறாமை.

அடுத்த அவமானம் சாயங்காலம் வந்தது. வயிற்றில் கை வைத்த ஆபரேஷன் என்றால் டாக்டர், நர்ஸ், துடைக்கிற ஆயா என்று எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: காத்து பிரிஞ்சுதா? குடல் மறுபடி வேலையைத் தொடங்கியதற்கு அதுதான் அத்தாட்சி. சாதாரண நாளில் ஓரகத்தி அப்படிச் செய்தால் வீடே மூக்கைப் பிடிக்கும். அன்றைக்குத் திரைக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. உடனே மாமியாரின் குரல் வராந்தா வரை போனது: "சிஸ்டர்! எங்க சின்ன மருமகளுக்குக் காத்து பிரிஞ்சிருச்சு!"

கொழுந்தன் யார் யாருக்கோ போன் போட்டுச் சொன்னான். பிரேக்கம்மா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஒரு மனுஷி இதற்கெல்லாமா பொறாமைப்படுவாள்? படுவாள். பிரேக்கம்மா பட்டாள்.

அவள் எழுந்து நடக்கவில்லை. எழுந்தால் வலி தெரிந்துவிடும், தெரிந்தால் ஒண்ணு பொய்யாகிவிடும். இருமல் வந்தால் விழுங்கினாள். மூச்சைக்கூட மேலோட்டமாகவே விட்டாள். மறுநாள் உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டரம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "நல்லா மூச்சை இழுங்க" என்றார். பிரேக்கம்மா இழுத்தாள். பாதியில் அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நாய்க்குட்டி போட்டிருந்தால் யாராவது தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள்.

"இதுவா ஒண்ணு?" என்றார் டாக்டரம்மா. "மூச்சை இழுக்காம, இருமாம, நடக்காம கிடந்தா சளி கட்டிக்கும். கால்ல ரத்தம் உறைஞ்சாலும் உறையும். வலி மாத்திரையை வீரத்துக்குப் பரிசா கொடுக்கல, நீங்க எழுந்து நடக்கணும்னு கொடுக்கறோம். இந்த நிலைமையில உங்களை வீட்டுக்கு அனுப்பறதா இல்ல."

வீட்டுக்கு அனுப்பறதா இல்ல. அந்த வார்த்தை தையலைவிட ஆழமாகக் குத்தியது. கீழ் அறையின் கதவு கண் முன்னாலேயே சாத்திக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் தட்டோடு வந்தாள். போகிற போக்கில் திரை விலகிக்கொண்டது. பிரேக்கம்மா பார்த்தாள். ஓரகத்தி ஒரு கையில் தண்ணீர், இன்னொரு கை நிறைய மாத்திரைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, உனக்கெதுக்கு மாத்திரை? ரெண்டுதானே வலி?"

"மாத்திரை போடறதாலதாங்க்கா ரெண்டு" என்றாள் ஓரகத்தி, ரொம்பச் சாதாரணமாக. "போடாட்டி நான் ஊரைக் கூட்டியிருப்பேனே. வலி வந்து சம்மணம் போட்டு உக்காந்தப்புறம் கிளப்பறது கஷ்டம்னு சிஸ்டர் அன்னிக்கே சொன்னாங்க. அதான் நேரம் ஆகறதுக்கு முன்னாடியே பெல் அடிச்சுக் கேட்டு வாங்கிடறேன். உங்களுக்குத்தான் ஒண்ணாச்சே, உங்களுக்கு எதுக்கு?"

பிரேக்கம்மா அந்தக் கையிலிருந்த மாத்திரைகளை எண்ணினாள். தான் வலியைத் தின்றுகொண்டு கிடந்த நேரமெல்லாம் இவள் மாத்திரையைத் தின்றிருக்கிறாள்! எத்தனை வேளை! ஒரு வேளை விடாமல்! ஏமாந்த வலி, தையல் வலியைத் தாண்டிக்கொண்டு போனது. கையை எட்டிப் பெல்லை அமுக்கினாள். விடாமல் அமுக்கினாள்.

"சிஸ்டர்! எனக்கு எட்டு. நேத்தும் எட்டு. அவளுக்குக் கொடுக்கற எல்லாம் எனக்கும் கொடுங்க."

"அவங்களுக்குக் கொடுக்கறதை இல்லம்மா, உங்களுக்கு எழுதியிருக்கறதைத் தர்றேன்."

"என்னமோ ஒண்ணு. குறையாம கொடுங்க."

மாத்திரையும் ஊசியும் வேலை செய்தன. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அணைத்துக்கொண்டு இருமினாள், தையல் பிரியவில்லை. ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழச் சொன்னார்கள். எழுந்தாள். வராந்தாவின் அந்தக் கடைசி வரை செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தாள், திரும்பி வரும்போது ஓரகத்தியின் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சாயங்காலம் காற்றும் பிரிந்தது. மாமியார் பக்கத்தில் இல்லாததால் அந்தச் செய்தியைத் தானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனாலும் ஓரகத்திதான் முதலில் வீட்டுக்குப் போனாள். போகும்போது, "சீக்கிரம் வாங்கக்கா" என்று கையைப் பிடித்தாள். அந்தக் கை மெத்தென்று இருந்தது. அதற்கும் எதையோ தடவுகிறாள்.

காய்ச்சல் விட்டு, பிரேக்கம்மா வீட்டுக்கு வந்தபோது, ஹாலில் கட்டிலைத் தேடினாள். காணோம்.

"ஹால்ல நீ படுத்தா நான் எங்கடி உக்காந்து சீரியல் பாக்கறது?" என்றார் மாமியார். "உள்ள போ, ரெண்டு பேருக்கும் அங்கயே போட்டாச்சு."

கீழ் அறையில் இரண்டு கட்டில், சுவருக்கு ஒன்றாக. நடுவில் திரைகூட இல்லை. ஜன்னல் பக்கம் ஓரகத்தி. ஜன்னல் அவளுக்குத்தான் என்பதைப் பிரேக்கம்மா வாசற்படியிலேயே கவனித்துவிட்டாள். படுத்துக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் வலது காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். திடீர் பிரேக் போடும்போது வயிறு சுண்டி இழுக்காத அன்றைக்குத்தான் கார் பக்கம் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சுண்டியது. இன்னும் நாள் இருக்கிறது.

மருந்து வேளைக்கு மாமியார் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்து வந்த தோரணை இன்னும் இறங்கவில்லை. "ம், நம்பர் சொல்லுங்க."

"ரெண்டு அத்தை" என்றாள் ஓரகத்தி, சிரித்துக்கொண்டே.

பிரேக்கம்மாவின் நாக்கு நுனிவரை ஒண்ணு வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "அஞ்சு" என்றாள். "எழுந்து உக்காந்தா ஆறு."

மாமியாரின் முகம் மாறியது. "ஐயோ, அஞ்சா! வாயைத் திறந்து சொன்னியே, அதுவரைக்கும் நல்லது" என்று சொம்பை முதலில் இவளிடம் நீட்டினார். முதுகுக்குத் தலையணை வைத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கூப்பிடாமலே புருஷன் வந்து கால்மாட்டில் நின்றான். உண்மை சொன்னால் இவ்வளவு கிடைக்குமா என்று வியந்தபடி பிரேக்கம்மா மாத்திரையை மெதுவாக, அவசரமே இல்லாமல் விழுங்கினாள்.

ஜன்னல் பக்கம் ஓரகத்தி அந்தச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு முனகல்.

"அத்தை... இப்ப நினைச்சுப் பாத்தா, எனக்கும் ஒரு ஏழு இருக்கும் போலிருக்கே."

போர்வைக்குள் பிரேக்கம்மாவின் வலது கால் பலகையை முழுசாக அழுத்தியது. வயிறு சுண்டியது. வண்டி நிற்கவில்லை. சொம்பு ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.