யார் வீட்டு வளைகாப்பு?

போன வருடம் தை மாதம். கல்யாணமாகி ஈப்போவிலிருந்து ஆரணிக்கு வந்து எனக்கு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ்தான். ஆனாலும் என் தமிழைக் கேட்டு இங்கே கடைக்காரர்கள் சிரித்தார்கள். அதனால் வெளியில் வாயைத் திறப்பதையே விட்டுவிட்டேன். கணவருக்குப் பட்டுப் புடவைக் கடையை விட்டு நகர நேரமில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஒரு நாள் காலை மாமியாரிடம் சொல்லிவிட்டு, ஊரைச் சுற்றிப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். தெருமுனையில் பெண்கள் நிறைந்த வேன் ஒன்று நின்றது.

"இந்தக் காடி பஸ் ஸ்டாண்டுக்குப் போகுமா?" என்றேன். எங்கள் ஊரில் வண்டியைக் காடி என்போம்.

"போவும், போவும். ஜல்தியா ஏறும்மா! உனக்காகத்தான் நின்னுகினு இருக்கோம்" என்றார் முன் சீட்டில் இருந்த அம்மா.

எனக்காகவா! எவ்வளவு நல்ல ஊர் என்று பூரித்துப்போனேன். ஏறியதும் தலையில் மல்லிகைப் பூ வேறு வைத்துவிட்டார்கள்.

வேன் பஸ் ஸ்டாண்டில் நிற்கவே இல்லை. தேவிகாபுரம் சாலையில் வயல்கள் வந்தபோதுதான் பயந்துபோய்க் கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டா? அவசரத்துல நீ கேட்டது காதுலியே வுழல. நீ மாப்பிள்ளையோட அத்தைப் பொண்ணு இல்லியா? நான் அவள பாத்ததில்ல" என்றார் அந்த அம்மா.

"இல்லைங்க. நான் ஊர் பார்க்க வந்தேன்."

"அய்யோ, அப்போ அவ தெருவுலியே நிக்கிறாளா!"

வேனே குலுங்கும்படி சிரித்தார்கள். எனக்கோ அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கும்மா அழுவுற? என் பொண்ணுக்கு வளைகாப்பு. நல்ல நேரம் தாண்டிடும், அதான் திரும்ப முடியல. வந்து ரெண்டு வளையல் போட்டுட்டு, சாப்ட்டுட்டுப் போ. நானே ஊட்டாண்ட கொண்டாந்து வுடறேன்."

என்னிடம் இந்திய சிம் இல்லை. அவர் போனிலிருந்து கணவரை அழைத்தேன்.

"வளைகாப்பா? யார் வீட்டுல?"

"தெரியாது. சாப்பாடு இருக்காம்."

கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சந்தனம் பூசி, வளையல் போட்டு, "பசியாறிட்டீங்களா?" என்று எங்கள் ஊர் வழக்கில் கேட்டேன். "எவ்ளோ அழகா கேக்குது பாரு! இன்னொரு தபா சொல்லு" என்றாள். அன்று நான் வாய் ஓயாமல் பேசினேன். ஆட்டோ பிடித்து மூச்சு வாங்க வந்த அத்தைப் பெண், "என் எடத்துல ஒக்காந்தது நீதானா?" என்று முறைத்தாள். அடுத்த நொடியே சிரித்துவிட்டு, தன் இலையில் இருந்த ஜாங்கிரியை எனக்கு வைத்தாள். இன்று அவள்தான் இங்கே என் நெருங்கிய தோழி.

சாயங்காலம் வேன் முழுக்க வந்து என்னை வீட்டில் விட்டார்கள். மாமியார் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, "ஊரப் பாத்தியா?" என்று கேட்டார். எந்த இடத்தையும் பார்த்திருக்கவில்லை. ஆனாலும், "பார்த்தேன் அத்தை" என்றேன்.

தெரியாத இடத்துக்குப் போனால் இப்போதெல்லாம் எனக்குப் பயம் வருவதில்லை. யாராவது கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் கொடுப்பார்கள் என்று அன்று வந்த தைரியம் இன்னும் அப்படியே இருக்கிறது.